சுவருக்குப் பின்னால் நடந்த ஒட்டகச்சிவிங்கி

போனில் இடமே இல்லை என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் ஓயாமல் புலம்புவாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அவளுடைய தம்பி, ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் அதைத் துப்புரவு செய்துவிட்டான்.

"ஒரே படத்தை நூத்துக்கணக்குல எடுத்து வச்சிருக்கியேக்கா! கை தெரியாம அமுங்கிடுச்சா? எல்லாத்தையும் அழிச்சுட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்."

அவள் ஈரத் தலையோடு நாற்காலியில் சரிந்தாள். அவை ஒரே படம் இல்லை. குளிருக்குச் சால்வை தேடி ஊரெல்லாம் அலையும் ஒட்டகச்சிவிங்கியின் கதையைப் பிள்ளைகள் நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு, களிமண்ணில் அதைப் பிடித்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி எடுத்தவை. அந்தப் படங்களைப் போன் செயலியில் வரிசையாகக் கோத்து ஓட்டினால் அது நடக்கும். வெள்ளிக்கிழமை பெற்றோர் பார்க்க வருகிறார்கள். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்துவிட்டது.

"புத்தகத்துப் பக்கங்களையே போட்டோ எடுத்து, பாட்டுப் போட்டுக் காட்டிடுங்க," என்றார் தலைமை ஆசிரியை திங்கட்கிழமை. "யாருக்குத் தெரியப் போகுது?"

"பசங்களுக்குத் தெரியும் மேடம். மறுபடியும் எடுக்கிறோம்," என்று டீச்சர் ஒற்றைக் காலில் நின்றாள்.

வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். இரண்டு பேர் அழுதார்கள். 'வாயாடி' என்று எல்லாரும் கூப்பிடும் சிறுமி மட்டும் களிமண் டப்பாவைத் திறந்தாள்.

"அழுதா நேரம்தான் போகும். வாங்கடா!"

உண்மையிலேயே நேரம் போதவில்லை. நாலு காலையும் தனித்தனியே நகர்த்த வேண்டும். ஒன்று வழுக்கினாலும் ஒட்டகச்சிவிங்கி குப்புற விழும். செவ்வாய்க்கிழமை முழுக்க எடுத்தும் அது தெருமுனையைத் தாண்டவில்லை. டீச்சர் மிச்ச நாள்களை விரல்விட்டு எண்ணினாள். ஆனாலும் விடுவதாயில்லை.

"டீச்சர், அட்டையில சுவர் கட்டிடலாம்," என்றாள் வாயாடி. "பின்னாடி அது நடக்கட்டும். கழுத்து மட்டும் தெரிஞ்சாப் போதும்."

டீச்சர் போன் வழியே பார்த்தாள். சுவருக்கு மேலே தலை மட்டும் மெல்ல நகர்வதை மனதில் ஓட்டிப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"கத்தரிக்கோல் எங்கே? எடுங்க!"

மறுநாள் மேகமூட்டம். தம்பி மேசை விளக்கோடு வந்து வாசலில் தயங்கினான்.

"அழிச்சவரு நீங்கதானா?" என்றாள் வாயாடி.

"ஆமாம்மா."

"அப்போ விளக்கை அசையாமப் பிடிங்க. தும்மக்கூடக் கூடாது!"

பிடித்தான். தோள் இற்றுப்போனாலும் விளக்கு அசையவில்லை. அன்றன்றைய படங்களைத் தன் கணினியிலும் ஏற்றிவைத்தான்.

வெள்ளிக்கிழமை, திரையில் அட்டைச் சுவர்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலே ஒரு நீளக் கழுத்து ஊரைச் சுற்றியது. ஜன்னல் ஜன்னலாகத் தலையை விட்டு, சால்வை இருக்கிறதா என்று கேட்டது. குரல் எல்லாம் பிள்ளைகளுடையது. பெற்றோர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"கால் எங்கம்மா?" என்று தலைமை ஆசிரியை குனிந்து கேட்டார்.

"நடந்துக்கிட்டு இருக்கு மேடம்," என்றாள் வாயாடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.