எட்டாத கிளட்ச்

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இந்த வண்டிய ஓட்டப்போறது யாரு?"

மெக்கானிக் பானெட்டை மூடாமலே கேட்டார். போன விடுமுறையில் நடந்தது இது. அப்பா விட்டுப்போன பழைய கார் அவருடைய பட்டறையின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணன். வண்டி எங்கள் இருவர் பேரிலும் இருந்தது.

"நான்தான்," என்றேன்.

"அப்ப சரி. ஷெட்டுல வச்சு அழகு பாக்கன்னா ஒரு ஆணியக்கூட மாத்தாதீங்க. பழசு பழசா இருந்தாத்தான் மதிப்பு. ஓட்டிப் பொழைக்கணும்னா வேற கதை. இந்த இன்ஜின் ஒரு மேடு ஏறுறதுக்குள்ள தண்ணி கேக்கும். பிரேக்கு இருக்கே, நீங்க மிதிச்சா அது கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் நிக்கும்."

அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் தாண்டி ஒரு மீன் குளிர்கிடங்கில் வேலை எனக்கு. பழைய காரை வாடகைக்குக் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். ஊரோடு வந்து அதையே ஓட்டிப் பிழைக்கலாம் என்பது என் கணக்கு. ஆனால் புது இன்ஜின், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், ஏசி என்று மெக்கானிக் அடுக்கியதைக் கேட்டால் நான் சேர்த்தது மொத்தமும் அந்த பானெட்டுக்குள் போய்விடும் போலிருந்தது.

"இவ்வளவு செலவு தேவையாண்ணே?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"செலவுதான்டா, இல்லங்கல. ஆனா நீ ஒரேயடியா வந்துடலாம்ல? இன்னும் எத்தனை நாளைக்கு அங்க மீனோட மீனா வெறைச்சுக் கெடப்ப?"

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அங்கே என்னிடம் அப்படிக் கேட்க ஆள் கிடையாது.

மெக்கானிக் ஒரு நிபந்தனை போட்டார். "புது கியர்பாக்ஸ் தரையில பாதி எடத்த முழுங்கிடும். முன்ன பின்ன நகர்ற சீட்டு வைக்க முடியாது. ஓட்டுறவர உக்கார வச்சு, காலு அளவெடுத்து, அங்கேயே போல்ட் அடிச்சிடுவேன். உங்களுக்குக் காலு கொஞ்சம்…"

"குட்டைன்னு சொல்லுங்க, பரவால்ல," என்றான் அண்ணன். "எங்க குடும்பமே அப்படித்தான். எங்கப்பா முதுகுக்குத் தலகாணி வச்சுல்ல ஓட்டுவாரு."

சீட்டை மட்டும் நான் திரும்பி வந்த பிறகு அடிப்பதாக முடிவானது.

வாராவாரம் அண்ணன் போன் செய்வான். முன்பெல்லாம் வண்டியை ஸ்டார்ட் செய்து போனை இன்ஜின் பக்கத்தில் பிடிப்பான். நான் அங்கே தங்கும் அறையில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பேன். கீழ்க்கட்டில்காரன் தலையில் அடித்துக்கொள்வான். "போய்க் கல்யாணம் பண்ணுடா. பொண்டாட்டி இருமுறத ஒட்டுக்கேட்டாலும் ஒரு அர்த்தம் இருக்கு."

புது இன்ஜின் ஏறிய பிறகு அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்க வைக்கவே இல்லை. "இன்னும் வயரிங் முடியலடா," "பேட்டரி வரலடா" என்பான். நானும் நம்பினேன். அண்ணன் பேச்சைச் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லை.

வேலையை விட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வந்தேன். அண்ணன் முகம் எப்படி மலரும் என்று பார்க்க ஆசை. பெட்டியும் கையுமாக நேரே பட்டறைக்கே போனேன். வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது.

"அடடே, தம்பியா! வாங்க வாங்க. எல்லாம் முடிஞ்சுது. ஏறிப் பாருங்க," என்றார் மெக்கானிக்.

பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். புதுத் தோல் வாசனை. காலை நீட்டினேன். கிளட்ச் எட்டவில்லை. இன்னும் சரிந்து உட்கார்ந்தேன். செருப்பு நுனி பட்டது, அவ்வளவுதான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் கூரை மட்டும் தெரிந்தது.

"சீட்டு அடிச்சிட்டீங்களா?"

"அளவு குடுத்தாங்களே."

"யாரு?"

"ஒரு நெட்டையான சாரு. உங்கண்ணன்தான் கூட்டிட்டு வந்தாரு. நீங்க வைக்கப்போற டிரைவர்னு நெனச்சுக்கிட்டேன். டிரைவர் கையில இம்மாம்பெரிய வாட்ச்சான்னு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஏசி காத்து மூஞ்சியில படுதான்னுகூட உக்காந்து பாத்தாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "தம்பி, உங்களுக்குத் தெரியாதா?"

அவரே அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் வந்ததும் முதலில் என் பெட்டியைத்தான் பார்த்தான்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதாடா?"

"நீ சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நல்ல ஆளுடா. இன்ஜின், பிரேக்கு, ஏசி எல்லாம் புதுசா இருந்தா எடுத்துக்குறேன்னாரு. எனக்கும் மாடி கட்டணும். உன் பங்கு உனக்கு வந்துடும். நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அப்ப போன தடவ நாம இங்க நின்னு பேசுனது?"

அவன் பானெட்டைத் தடவினான். "அப்பவே அவரு வண்டிய வெலைக்குக் கேட்டுட்டுத்தான் இருந்தாரு."

மெக்கானிக் ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"மீனோட மீனா வெறைச்சுக் கெடக்காதன்னு சொன்னியேண்ணே."

"நீ எங்கடா வரப்போற? வருஷா வருஷம் அடுத்த வருஷம்ங்கற. நான் இங்க உக்காந்து தொடச்சுக்கிட்டே இருக்கணுமா?"

அதில் பாதி உண்மை. அதனால்தான் இன்னும் சுருக்கென்றது. நான் வரமாட்டேன் என்று முடிவு கட்டியவன், நான் வருவதற்காக என்று சொல்லியே என் காசைக் கேட்டிருக்கிறான்.

மெக்கானிக் பக்கம் திரும்பினேன். "சீட்டக் கழட்டி முன்னாடி அடிங்க."

"தரையில புதுசா ஓட்டை போடணும் தம்பி. பழைய ஓட்டை அசிங்கமாத் தெரியும்."

"தெரியட்டும்."

"டேய், புதுத் தரைடா!" அண்ணன் கத்தினான். "அவரு வந்து பாத்தா என்ன நெனைப்பாரு?"

மெக்கானிக் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓட்டுறவரு சொல்றாரு," என்று முனகிவிட்டு டிரில்லை எடுத்தார். இரும்புத்தூள் புது விரிப்பில் சிதறியது. ஒவ்வொரு ஓட்டைக்கும் அண்ணன் முகத்தைச் சுளித்தான், தன் பல்லையே குடைகிற மாதிரி.

மறுபடி ஏறினேன். கால் எட்டியது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகம், அவ்வளவு மெல்லிய சத்தம். ஸ்டீயரிங் ஒரு விரலுக்கே திரும்பியது. செலவு வீணே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். போனில் இந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பேன். அது அவனுக்குத் தெரியும்.

"கையெழுத்து?" என்றான்.

"போடல."

"எங்கடா போற இப்ப?"

எனக்கே தெரியாது. அண்ணன் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தான். சின்ன வயதிலிருந்து அதுதான் அவன் இடம்.

அங்கே என் பெட்டி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.