ஆஸ்ட்ரிட் மறுபடி வருகிறாள்

தொலைபேசியில் அந்தப் பெயரைக் கேட்டதும் கெபோன்யே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நார்வேயிலிருந்து ஆஸ்ட்ரிட் என்று ஒரு பெண் பேசினாள். ஜூலையில் ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்புக்கு வருகிறாளாம். சொகுசு விடுதியெல்லாம் வேண்டாம், தோணியில் உள்ளே போய் ஏதாவதொரு தீவில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்றாள். "முன்னாடி ஒரு தடவை வந்து பாதியில திரும்பிட்டேன்" என்றும் சொன்னாள்.

அவள் ஏன் பாதியில் திரும்பினாள் என்பது அவள் சொல்லித்தான் கெபோன்யேவுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் நாணல் மறைவிலிருந்து எழுந்த நீர்யானை ஒன்று தோணியைக் கவிழ்த்து, அவள் முழங்காலுக்கு மேலே கடித்தது. தோணி விட்டவன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு திட்டில் ஏறி, சட்டையைக் கிழித்துக் கட்டி, உதவி வரும்வரை காயத்தை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். ஹெலிகாப்டர் அவளைக் கொண்டுபோனது. அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. அன்று அவளை அழைத்து வந்த நிறுவனத்தையும் சீக்கிரமே மூடிவிட்டார்கள். தோணிக்காரன் மேல் தவறில்லை என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். அவன் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்ப எனக்குத் தோணி விட்டவர் பேரு மோலோகி. இப்பவும் விடுறாரா?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள் கெபோன்யே. மோலோகி அவள் கணவன் என்பதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

ஆற்றோர ஊரான மாவுனில் இருக்கும் அந்தச் சின்ன வனப்பயண அலுவலகத்தில் ஏற்பாடுகள் எல்லாம் அவள் பொறுப்புதான். விமானம், அனுமதிச்சீட்டு, கூடாரம், குடிதண்ணீர், சமையலுக்கு ஆள் என்று ஒவ்வொன்றாக முடித்தாள். தோணிக்கு டிகாங்கிடம் சொல்லி வைத்தாள். அவன் மோலோகியின் பழைய கூட்டாளி, ஓட்டைவாயன். வேலை ஓடிக்கொண்டிருந்தாலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. இவ்வளவு தூரம் இந்தப் பெண் எதற்காக வருகிறாள்? வழக்குப் போடவா, நேரில் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகவா? மோலோகி அந்த விபத்துக்குப் பிறகு தோணி தள்ளும் கழியைத் தொடவில்லை. சாலையோரத்தில் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதுகூட தண்ணீரைப் பார்க்காமல் எதிரே வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டு போகிற ஆளிடம் இதை எப்படிச் சொல்வது? டிகாங் வாயிலிருந்து போவதற்குள் தானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

மாலையில் முற்றத்தில் சாப்பாடு வைத்தாள். அவன் சோளக்களியைப் பிட்டு இறைச்சியில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"லெசேகோ அப்பா, அந்த நார்வேக்காரி வர்றா."

கை பாதியில் நின்றது. "எதுக்கு?"

"தீவுக்குப் போகணுமாம். நாங்கதான் ஏற்பாடு பண்றோம்."

அவன் பிட்ட களியைத் தட்டிலேயே வைத்தான். வேலிக்கு வெளியே யாருடைய கழுதையோ கத்தி ஓய்ந்தது.

"நடக்குறாளா?"

"கேக்கலை."

"அதைத்தானே முதல்ல கேக்கணும்?"

"கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டா? அதை யாரு உங்ககிட்ட வந்து சொல்றது?"

அவன் எழுந்து கை கழுவினான். வீட்டுக்குள் போய்விடுவான் என்று நினைத்தாள். ஆனால் திரும்பி வந்து நின்றான். "யாரை விடச் சொல்லியிருக்கே?"

"டிகாங்."

"அவன் வாயாலயே தோணி விடுவான். எந்த வழி?"

"பெரிய கால்வாய் வழியா."

"வேணாம். இந்த வருசம் தண்ணி சீக்கிரம் வந்துருச்சு. மேற்கால புல்வெளியெல்லாம் முங்கியிருக்கும், முழங்கால் ஆழம்தான். நீர்யானை பகல்ல ஆழத்தைத் தேடித்தான் கிடக்கும்."

ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு இழுத்தான். வெயில் ஏறினால் ஒதுங்குவதற்கு இந்த மரம், இந்தத் தீவில் யானை நடமாட்டம் அதிகம், கூடாரத்தை அந்தப் பக்கம் போடச் சொல் என்று சொல்லிக்கொண்டே போனான். கெபோன்யே மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டாள். ஆற்றுத் தண்ணீரைப் பற்றி அவன் பேசிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. குறுக்கே தான் எதையாவது சொன்னால் குச்சியைப் போட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று பயமாக இருந்தது.

விருந்தாளி வரும் நாளில் அவனும் தோணித்துறைக்கு வந்தான். கிரீஸ் படிந்த வேலை உடையோடு ஒரு மரத்தின் பின்னால், வண்டி வரும் பக்கம் பார்த்தபடி நின்றான். "பார்த்துட்டு அப்படியே கடைக்குப் போயிடுவேன்" என்றான்.

வண்டி வந்தது. கதவு திறந்ததும் முதலில் ஒரு பை வந்தது, அடுத்து ஒரு பெண் இறங்கினாள். பையை வாங்க வந்த டிரைவரிடம், "விடுங்க, நான் என்ன கிழவியா?" என்று சண்டை போட்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் நடந்து வந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தாள், அவ்வளவுதான். நடந்தாள். மோலோகி மரத்தைப் பிடித்துக்கொண்டான். பிறகு அப்படியே சறுக்கி மணலில் உட்கார்ந்துவிட்டான். 

அவள் அவனைப் பார்த்துவிட்டாள். நேரே அவனிடம்தான் வந்தாள்.

"என் ஞாபகத்துல நீங்க இன்னும் உயரமா இருந்தீங்க."

"கால்..." என்றான். 

"குளிர்ல வலிக்கும். மத்தபடி எங்க அக்காவைவிட வேகமா நடக்குறேன்."

"அன்னைக்கு நான் வேற வழியில போயிருக்கணும்மா."

"அப்படியா நினைச்சுக்கிட்டிருக்கீங்க? அன்னைக்கு நீங்க என்னை விட்டுட்டு நீந்திக் கரையேறியிருக்கலாம், ஆனா விட்டுட்டுப் போகல. நான் அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

டிகாங் தோணியைக் கரையோடு அணைத்துப் பிடித்தான். "ஏறுங்கம்மா, தொட்டில் மாதிரி போகும்." ஆஸ்ட்ரிட் தண்ணீரின் ஓரம்வரை போனாள். ஒரு காலைத் தூக்கியவள் அதை மறுபடி மணலிலேயே வைத்தாள்.  "வீட்ல உக்காந்து திட்டம் போடுறப்ப சுலபமா இருந்துது" என்றாள் மெதுவாக.

 மோலோகி எழுந்தான். குனிந்து செருப்பைக் கழற்றினான். டிகாங்கின் கையிலிருந்து கழியை வாங்கிக்கொண்டான்.

"அப்ப நான்?" என்றான் டிகாங்.

"சாமான் தோணியில வா. வாயை மூடிக்கிட்டு வா."

"லெசேகோ அப்பா, மாத்துத்துணிகூட எடுத்துட்டு வரலையே" என்றாள் கெபோன்யே. அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

"டிகாங்கோடதைப் போட்டுக்கறேன்."

"அது உங்களுக்குப் பத்தாது."

"கடையில சொல்லிடு" என்று அவன் தண்ணீரில் கால் வைத்தான். ஆஸ்ட்ரிட் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.  அவன் கழியை ஊன்றினான்.

கெபோன்யே அழுதுகொண்டே சிரித்தாள். தோணி புல்வெளிப் பக்கம் திரும்பும் நேரத்தில், தூரத்தில் பெரிய கால்வாயின் பக்கமிருந்து ஒரு நீர்யானை உறுமியது. உயர்ந்த கழி அந்தரத்திலேயே நின்றது. அதன் நுனியிலிருந்து நீர் சொட்டியது. ஆஸ்ட்ரிட் தோணியின் இரு ஓரங்களையும் இறுகப் பற்றியபடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் காது கொடுத்து நின்றான்.

பிறகு கழி மெல்ல இறங்கியது. தோணி அல்லி இலைகளை அமுக்கிக்கொண்டு நகர்ந்தது. அது போன தடத்தில் இலைகள் ஒவ்வொன்றாக மேலே எழுந்து மிதந்தன.