கரையேறி வரச் சொன்னவள்

திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கவியரங்கம். தலைப்பு ‘கடவுள்’. குத்தகை நிலத்தில் சம்பா போடும் மங்களாம்பிகை, நடவு ஆட்களுக்குச் சோறு கொடுத்துவிட்டு அவசரமாகச் சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். மேடையில் கவிதை படிப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

அவளுடைய வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. ஒரு வருடம் பயிர் கருகத் தொடங்கி, இனி அவ்வளவுதான் என்று விட்ட பிறகு தண்ணீர் வந்து சேர்ந்தது. அன்றைக்கு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அதைத்தான் எழுதியிருந்தாள்.

அவளுக்கு முன்னால் முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த நீலாயதாட்சியின் முறை. மீன் விற்கிறவள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. கையில் தாள் எதுவும் இல்லாமல் மைக் முன் நின்றாள்.

“கும்பிட்டுத்தான் அனுப்பினேன்.
படகு ஒதுங்கியது, ஆள் வரவில்லை.
கடலுக்குள் ஒளிந்திருக்கும் சாமி,
கரையேறி வா.”

கூட்டம் முணுமுணுத்தது. தலைமை தாங்கிய சாரங்கபாணி தன் மைக்கை இழுத்தார். “போதும்மா. சாமியைச் சண்டைக்குக் கூப்பிடறதா கவிதை? அடுத்து மங்களாம்பிகை, வாங்க.”

மங்களாம்பிகை எழுந்து போனாள். “அவங்க இன்னும் முடிக்கலைங்களே.”

“நேரமில்லம்மா.”

“அப்ப என் நேரத்த அவங்களுக்குக் குடுத்துடுங்க.”

சாரங்கபாணி தன் மைக்கைத் தள்ளி வைத்தார். நீலாயதாட்சி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

“உனக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போடுகிறேன்.
சாப்பிட்டு முடித்துச் சொல்,
அவன் கடைசியாக என்ன பேசினான் என்று.”

யாரோ ஒருவர் கைதட்ட, பிறகு எல்லோரும் தட்டினார்கள். சாரங்கபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நீங்களும் படிங்கம்மா” என்றார் மெதுவாக.

நீலாயதாட்சியை எதிரில் வைத்துக்கொண்டு கடவுளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று மங்களாம்பிகைக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் தண்ணீர் வந்தது பொய்யில்லையே. ஒரு சொல்லையும் மாற்றாமல் படித்தாள்.

“கேட்டு ஓய்ந்த பிறகு வந்தாய்,
கணுக்காலை நனைத்தாய்.
யார் வயல் என்று பார்க்காத
உன் குளிர்ச்சிக்குக் கும்பிடு.”

கூட்டம் முடிந்து இருவரும் பேருந்து நிலையத்துக்குச் சேர்ந்தே நடந்தார்கள்.

“உங்க சாமி நல்லவராத் தெரியறாருக்கா” என்றாள் நீலாயதாட்சி. “எனக்கு அவரோட பழக்கமில்ல.”

“எனக்குக் கும்பிட மட்டுந்தாங்க தெரியும். அவரை எதிர்ல உக்கார வச்சுக் கேக்கலாம்னு இத்தன வயசுக்கும் தோணல. நீங்க சோறு போட்டுல்ல கேக்கறீங்க!”

நீலாயதாட்சி முதல் தடவையாகச் சிரித்தாள். “பசியோட இருக்கறவர்கிட்ட எப்படிக்கா சண்ட போடறது?”

அந்தச் சிரிப்பையும் அந்தச் சொல்லையும் கேட்டு மங்களாம்பிகை அசந்து நின்றாள். அதற்குள் முத்துப்பேட்டை பஸ் வந்துவிட்டது.

“இன்னொரு தடவ முழுசாச் சொல்லுங்களேன். இடையில யாரும் நிறுத்தாம கேக்கணும்.”

நீலாயதாட்சி பஸ்ஸைப் பார்த்தாள். “அது போகட்டும், அடுத்ததுல போய்க்கறேன்” என்று இடுப்பிலிருந்த மீன் கூடையைக் கீழே வைத்தாள். ஹாரன் சத்தத்துக்கு நடுவே, முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மங்களாம்பிகை ஒரு சொல்லும் தவறிவிடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.