சொல்லாமல் வரும் கார்

ஓலைத்தொடுவாயில் யோசேப்புக்குத் தெரியாத இஞ்சின் இல்லை. கடலில் கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு படகு வந்தாலும் போதும், "பக்கீர்ட இஞ்சின். பிளக்கை மாத்து மாத்தெண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன், கேக்கிறானில்லை" என்பான். படகு இஞ்சின் திருத்தியே பிழைக்கிற மனிதன். அப்படிப்பட்டவன் போய் இஞ்சினே இல்லாத கார் ஒன்றை வாங்கிவந்தால் ஊர் சும்மா இருக்குமா? வந்த அன்றே பக்கீர் பொனெற்றைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "யோசேப்பு, இதின்ர இஞ்சினை வழியில ஆரும் கழட்டிப்போட்டாங்களோ?" என்று கேட்டான்.

யோசேப்பு சிரித்துச் சமாளித்தான். ஏன் வாங்கினான் என்பது அவனுக்கும் மெற்றில்டாவுக்கும் தெரியும். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், அவளுக்குப் பித்தப்பைக் கல் வலி எடுத்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு சொட்டு இல்லை. கூப்பிட்ட ஓட்டோக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஐஸ் லொறி ஒன்றை மறித்து, மீன் பெட்டிகளுக்கு நடுவே அவளைக் கிடத்தித்தான் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவள் சுகமாகி வந்துவிட்டாள். ஆனால் அந்தப் பெட்டிகளுக்கிடையில் அவள் சுருண்டு கிடந்த கிடை அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. இனி இவளைக் கொண்டுபோக ஒருத்தனிடமும் பெற்றோலுக்குப் போய் நிற்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தவன், கொழும்பில் ஓடிப் பழசான இந்த மின்சாரக் காரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினான்.

கார் வந்தபிறகு வீட்டின் நடைமுறையே மாறிப்போனது. குசினி யன்னலால் வயரை வெளியே விட்டுத்தான் சார்ஜ் போடவேண்டும். அந்த நேரம் ரைஸ் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். "இண்டைக்கு ஆருக்கு முதல்? உங்கட வாகனத்துக்கோ, எங்கட வயித்துக்கோ?" என்று மெற்றில்டா கேட்பாள். கரையோரம் சுழலும் காற்றாலைகளைக் காட்டி, "அங்க பார், எங்கட பெற்றோல் செட்" என்று இவன் பெருமையடிப்பான். அதே காற்று எதிரே நின்று அடித்தால் சார்ஜ் மளமளவென்று இறங்கும், அதைச் சொல்லமாட்டான். மன்னார்க் கழுதைகளோ இதை ஒரு வாகனமாகவே மதிக்கவில்லை. பஸ் உறுமினால் எழும்பி விலகுகிற சாதி, இந்தக் கார் மூக்குக்கு நேரே வந்து நின்றாலும் நடு றோட்டில் படுத்தபடி கிடக்கும். யோசேப்பு இறங்கிப் போய், "எழும்புங்கோ அம்மா, கோயிலுக்கு நேரம் போகுது" என்று கெஞ்சவேண்டும்.

இதெல்லாம் அவனுக்கு வேடிக்கைதான். ஒன்றுதான் நெஞ்சைக் குத்தியது. மெற்றில்டாவுக்குக் காரைப் பிடிக்கவில்லை. கூட ஏறிப் போகும்போது ஒரு குறையும் சொல்லமாட்டாள், கதிரையில் சாய்ந்து ராணி மாதிரி வருவாள். அவன் தனியே எடுத்தால் மட்டும் முகம் கறுத்துவிடும். "தனியப் போறதெண்டால் மோட்டார் சைக்கிளில போங்கோவன்" என்பாள்.

முன்பெல்லாம் அவன் மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது படலையைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள், அடுப்பில் கேத்தல் ஏறியிருக்கும். இப்போது படலையை அவனே இறங்கித் திறக்கவேண்டியிருந்தது. உள்ளே போனால் திடுக்கிட்டுத் திரும்பி நெஞ்சில் கையை வைப்பாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"என்னப்பா குறை? சொன்னால்தானே தெரியும்."

"ஒண்டுமில்லை."

பெண்சாதியின் ஒண்டுமில்லையைத் திருத்துகிற சாவி உலகத்தில் எந்தக் கராச்சிலும் இல்லை. யோசேப்பு ஓய்ந்துபோனான். அவளுக்கென்று வாங்கிய கார் அவளுக்கே வேண்டாமென்றால் வைத்திருந்து என்ன செய்வது? ஓட்டோ ஓடுகிற நஸார் காரை எப்போது தருவாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசி முயற்சியாக அவளே ஓடிப் பார்க்கட்டும் என்று பழக்கினான். கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. ஸ்கூட்டி ஓடிப் பழகிய மெற்றில்டா கெட்டியாகப் பிடித்துக்கொண்டு லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

"தோட்டவெளிக் கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போகேக்க நீயே கொண்டுபோ," என்றான். "வந்து சொல்லு. அப்பவும் பிடிக்கேல்லையெண்டால் நாளைக்கே நஸாரிட்டைக் குடுத்திடுறன்."

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அஞ்சு மணிக்கு முன்னம் வந்திடுவன்" என்றுவிட்டுப் போனாள். கார் படலையைத் தாண்டியது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து மணியாகியது. வரவில்லை. தொலைபேசி எடுத்தான், அவளுடையது குசினி யன்னலில் கிடந்து பாடியது. சார்ஜுக்குப் போட்டவள் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். சரி, வரட்டும் என்று ஒரு கார்புரேற்றரைக் கழற்றிவைத்துக்கொண்டு குந்தினான். காது மட்டும் வேலையில் இல்லை. பேசாலை பஸ் போனது. நஸாரின் ஓட்டோ போனது. கடலில் பக்கீரின் இஞ்சின் இருமிக்கொண்டு வந்தது. ஊரில் உள்ள எல்லாரும் வருவதும் போவதும் கேட்டது, அவனுடைய மனிசி வருவது மட்டும் கேட்கவில்லை. கேட்காது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வந்துகொண்டிருக்கிறாளா, எங்கேயும் நின்றுபோனாளா, கழுதை ஏதும் குறுக்கே வந்ததா, ஒன்றையும் சொல்லாத வாகனம்.

பொழுது மங்கத் தொடங்க, கிரீஸ் கையோடு படலைக்குப் போனான். அந்தோனியார் சொரூபம் நிற்கிற வளைவு வெறுமையாகக் கிடந்தது. நஸாரைக் கூப்பிடுவோம் என்று படலையைத் திறந்தபடியே விட்டு உள்ளே வந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று தொலைபேசியை எடுத்தான்.

"இஞ்சருங்கோ."

தொலைபேசி கையைவிட்டு நழுவி விழுந்தது. திரும்பினால் மெற்றில்டா நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் முற்றத்தில் கார். யோசேப்பின் கை தானாகவே நெஞ்சுக்குப் போயிருந்தது, சேட்டு முழுக்கக் கிரீஸ்.

"சார்ஜ் காணாது போல கிடந்தது. யசோதா வீட்டில வயரைக் குத்தினன்," என்றாள். யசோதா அவளுடைய தங்கை, தோட்டவெளியில்தான் இருக்கிறாள். "வீட்டுக்குள்ள வயர் குத்தின ஆளை அவள் சாப்பிடாமல் போக விடுவாளே? கார் முடிச்சாலும் புட்டு முடியேல்லை."

அவள் கிட்ட வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றுபோனது.

"பயந்துபோனீங்கள் என்ன?"

"ஓம்" என்றான். பொய் சொல்ல இனி என்ன இருக்கிறது?

அவள் அவனைக் குந்தவைத்துத் தானும் பக்கத்தில் குந்தினாள். "அண்ணன் கடலோட போன கதை தெரியும்தானே. அண்டைக்கு விடிய அவன்ர இஞ்சின் சத்தம் கேக்குமெண்டு அம்மாவும் நானும் காதைக் குடுத்துக்கொண்டு இருந்தனாங்கள். இஞ்சின் வரேல்லை. ரெண்டு பேர் தங்கட செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து வந்துதான் ஆள் இல்லையெண்டு சொன்னவை. அதுக்குப் பிறகு சத்தமில்லாமல் ஒரு ஆள் வந்து நிண்டால் எனக்கு ஈரக்குலை நடுங்கும். சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து இருந்த முகாமிலயும் அப்பிடித்தான், இஞ்ச திரும்பி வந்த பிறகும் அப்பிடித்தான். உங்கட மோட்டார் சைக்கிள் வளைவில திரும்பேக்க, அப்பாடா, ஆள் உயிரோட வாறார் எண்டு கேத்தலை வைப்பன்."

அண்ணன் போனது யோசேப்புக்குத் தெரியும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களைத் தெரியாது. இத்தனை வருடம் கூட இருந்தும் தெரியாது.

"அப்ப காரை நாளைக்கே குடுத்திடுறன்," என்றான்.

"ஆர் குடுக்கச் சொன்னது? எனக்கு ஓட நல்லாப் பிடிச்சிருக்கு," என்றாள் மெற்றில்டா. "வாறதைச் சொல்லிப்போட்டு வாங்கோ. அவ்வளவுதான்."

காரில் ஏற்கெனவே இருந்த ஹோன் எல்லாக் காருக்கும் உள்ள ஹோன். அதைக் கேட்டு ஆர் என்று பிடிப்பது? மறுநாள் யோசேப்பு பட்டறையைக் கிண்டினான். சைக்கிளில் மீன் விற்றுத் திரிந்த டிலோஜன் லொறிக்கு மாறியபோது விட்டுப்போன ரப்பர் ஹோன் ஒன்று அகப்பட்டது. அமுக்கிப் பார்த்தான், ஊரே திரும்பிப் பார்க்கிற கரகரத்த குரல். சாரதிப் பக்கத்துக் கண்ணாடியோடு வைத்து இறுக்கினான். உள்ளூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் என்ன நடக்குமென்று தெரியாதா? தெரியும். சந்தோசத்தில் மறந்துபோனான்.

பின்னேரம் காரை எடுத்துக்கொண்டு பேசாலைக்குப் போய்த் திரும்பினான். அந்தோனியார் வளைவில் கையை வெளியே விட்டு ரப்பரை அமுக்கினான். பாவாங், பாவாங். ஒழுங்கை நெடுகப் படலைகள் திறந்தன. சட்டியும் கையுமாகப் பெண்கள் வந்து நின்றார்கள். முன்வீட்டுப் பெற்றிசியா எல்லாரையும் முந்திக்கொண்டு நடு ஒழுங்கைக்கே வந்துவிட்டாள்.

"என்ன மீன் வருது மெற்றில்டா? விளையோ, பாரையோ?"

மெற்றில்டா தன் வீட்டுப் படலையை அகலத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கேத்தல் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"மீனில்லை அக்கா," என்றாள். "என்ர மனிசன் வாறார்."