ராகியின் ஐந்தாம் பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பாடப் புத்தகத்தில் ஒரு நாய் இருந்தது. கழுத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு, மெத்தையில் உட்கார்ந்து பால் குடிக்கும். பாப்பாரப்பட்டிப் பக்கம் எந்த நாய்க்கு அந்த யோகம்? பிள்ளைகள் அதைப் பூனை என்று படித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காகிதம் கிடைக்காத யுத்த காலம் அது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நானே ஒரு படப்புத்தகம் வரைந்து, 'ராகியின் ஒரு நாள்' என்று பெயரும் வைத்தேன்.

ராகி, மாதப்பன் வீட்டு நாய். ராகி மாவு நிறம். காலையில் அவர் மனைவி ராமக்கா களி கிண்டும்போது துடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவரைச் செடிக்கு வரும் ஆடுகளை விரட்டும். மத்தியானம் புளியமரத்தடியில் நாலு காலையும் பரப்பித் தூங்கும். எட்டுப் பக்கத்தில் ஒன்றில்கூட நான் பொய் சேர்க்கவில்லை.

"காட்டுப்பன்னியத் தொரத்துற மாதிரி ஒண்ணு போடுங்க டீச்சரம்மா" என்று மாதப்பன் கெஞ்சினார்.

"பன்னி வந்தா ராகி உங்க கம்பளிக்குள்ள பூந்துக்குமே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஐந்தாம் பக்கம்தான் என் பெருமை. மாதப்பன் கிணற்றில் இரண்டு மாடுகளைக் கவலை ஏற்றத்தில் பூட்டித் தண்ணீர் இறைப்பார். மாடுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். தோல்பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும், திரும்பாமல் அப்படியே பின்னால் நடந்து கிணற்றடிக்கு ஏறும். அவற்றில் ஒன்றான செவலைக் காளையோடு ஒரே கொட்டகையில் குட்டியிலிருந்து வளர்ந்த ராகியும் அதன் பக்கத்திலேயே இறங்கும், அதைப் போலவே பின்னால் நடந்து ஏறும். நாய் பக்கத்தில் இல்லாவிட்டால் செவலை ஓரடி வைக்காது. இதைத்தான் வரைந்து, 'ராகி பின்னால் நடந்து மேடேறும்' என்று கீழே எழுதியிருந்தேன்.

பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். "நாய் எங்கேயாவது பின்னால் நடக்குமா?"

"நடக்கும் ஐயா. நாளைக் காலையில் காட்டுகிறேன்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நிஜமாக இருந்தால் அந்த நாயை நான் கொண்டுபோகிறேன். வீட்டில் குழந்தைகள் ஆசையாக விளையாடுவார்கள்."

கெட்ட மனிதர் இல்லை. அடுத்தவர் தோட்டத்தில் பூப் பறிப்பதுபோல் சொன்னார். ஆனால் அதிகாரி கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அப்போது யாருக்குத் தைரியம் இருந்தது?

சாயங்காலமே மாதப்பன் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் ராமக்கா ராகியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க வரையப்போயித்தான இது வந்துச்சு?" என்றார்.

"அது போனா செவல நின்னுரும், தண்ணியும் நின்னுரும்" என்றார் மாதப்பன். பிறகு, "அதக்கூட வுடுங்க. ராகி இல்லாத வூட்ல எனக்குச் சோறு எறங்குமாங்க?" என்றார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கிணற்றடிக்குக் குடையோடு வந்தார். என் பின்னால் இருபத்து மூன்று பிள்ளைகள். பயிர் தண்ணீருக்குத் தவித்தாலும் வடம் அறுந்துபோச்சு என்று சொல்லி மாதப்பன் மாடுகளைக் கொட்டகையிலேயே கட்டிவிட்டிருந்தார். ராகி தனியாக நின்றது. இன்ஸ்பெக்டர் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். குடை நுனியால் பின்னால் தள்ளிப் பார்த்தார். அது நேராக முன்னால் வந்து அவருடைய பூட்ஸை நக்கியது.

"வேறு வடம் கொண்டுவரச் சொல்லட்டுமா? மாட்டோடு பார்த்துவிடலாம்" என்றார்.

மாதப்பன் என்னைப் பார்த்தார். ராமக்காவும் பார்த்தார்.

"வேண்டாம் ஐயா. அது என் கற்பனை. அப்படி நான் பார்த்ததே இல்லை" என்றேன்.

பிள்ளைகள் அந்தக் கிணற்றைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கு வருவார்கள். பொய் சொன்னதற்காக அவர்களில் எத்தனை பேரை நான் முட்டிபோட வைத்திருக்கிறேன்! ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. அவர்களைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது எனக்கு.

பள்ளிக்குத் திரும்பியதும், 'ஆசிரியை லூர்துமேரி பொய்யைப் பாடமாக நடத்துகிறார்' என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதினார் இன்ஸ்பெக்டர். ஐந்தாம் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லி, தன் கண்முன்னே வேறு வரையவும் வைத்தார். மாடுகள் ஒரு பக்கம் பார்க்க, ராகி கிணற்றைப் பார்த்து முன்னால் நடந்து ஏறுவதுபோல் வரைந்து கொடுத்தேன்.

அடுத்த வாரம் மாதப்பன் புத்தகத்தைப் பார்க்க வந்தார். தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஐந்தாம் பக்கத்தில் முகம் சுளித்தார். "இதென்னங்க டீச்சரம்மா, ராகி தப்பா நடக்குது?"

"இன்ஸ்பெக்டர் வரைய வெச்சதுங்க. இன்னொரு தாள் இருக்குது. பழையபடியே வரைஞ்சுடறேன்" என்று பென்சிலைத் தேடினேன்.

அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

"வேணாங்க, இப்பிடியே இருக்கட்டும். இதப் பாத்தா ஒருத்தனும் என் நாயக் கேக்க மாட்டான்."