லைட் ஹவுஸைப் படம் பிடிக்க வந்த ஆள்

லைட் ஹவுஸைப் பார்க்க வருகிறவன் அண்ணாந்து பார்ப்பான். அந்த ஆள் எங்கள் குடிசைக்கு முன்னால் மண்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குச் சுருக்கென்றது.

அது ஆனி மாதம். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கிறவர்களுக்கு அந்த மனையை அரசாங்கம் சொந்தமாக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பேச்சு கிளம்பியதிலிருந்து மிராசுதார்களுக்குத் தூக்கமில்லை. பக்கத்து ஊரில் நாலு குடிசையைப் பிரித்து எறிந்துவிட்டார்கள். எங்கள் குடிசை கோடியக்கரை லைட் ஹவுஸுக்குப் போகிற தடத்தோரம், பண்ணையின் மேட்டுக்கொல்லையில் தனியாக நின்றது. நானும் என் புருஷன் பக்கிரியும் பதினோரு வருஷமாக அதில் இருந்தோம். அது போனால் தலை சாய்க்க வேறு இடமில்லை. முன்பின் தெரியாத எவனைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அதுவும் இவன் வந்து இறங்கியது பண்ணை வில்வண்டியில். கூடவே பண்ணைக் காரியக்காரர் குஞ்சிதபாதம், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு. அவர் கை நீட்டி என்னவோ காட்டினார், இவன் நோட்டில் எழுதிக்கொண்டான். அவர் போன பிறகுதான் கேமராவை வெளியில் எடுத்தான்.

"யாருய்யா நீ? இங்க என்னத்தை எடுக்குற?"

"லைட் ஹவுஸைத்தாம்மா. தஞ்சாவூர்ல ஸ்டுடியோ வச்சிருக்கேன், பேரு தியாகராசன். கடலோரத்துல இருக்குற பழைய லைட் ஹவுஸ் எல்லாத்தையும் போய்ப் போய் எடுத்துக்கிட்டு வர்றேன்."

"லைட் ஹவுஸ் அந்தாண்ட இருக்கு. நீ எங்க கூரையைப் பாத்துல்ல புடிக்கிற?"

"வெறும் கோபுரத்தை மட்டும் எடுத்தா அதோட உசரம் தெரியாதும்மா. முன்னால ஒரு குடிசை இருந்தா..."

எங்கள் குடிசை எவ்வளவு சிறிசு என்று காட்டவா தஞ்சாவூரிலிருந்து வந்தான்! யாரிடம் காது குத்துகிறான்? "வீட்டுல எத்தனை பேரும்மா?" என்று அடுத்துக் கேட்டான் பாருங்கள், அத்தோடு எனக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து கேமராவைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் பின்மூடி திறந்துகொண்டது. டூரிங் டாக்கீஸில் ரீல் பார்த்தவள் நான். படம் அதில்தான் இருக்கும் என்று தெரியும். உள்ளே இருந்த சுருளை உருவி வெயிலில் எறிந்தேன்.

அவன் கத்தவில்லை. மணலில் உட்கார்ந்து அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லா நடிக்கிறான் என்று நினைத்தேன்.

ஆவணியில், நாங்கள் நடவுக்குப் போயிருந்த ஒரு பகலில் குடிசை போயிற்று. திரும்பி வந்தால் கழி இல்லை, கீற்று இல்லை. உழுது தென்னம்பிள்ளை வைத்திருந்தார்கள். அடுப்பு இருந்த இடம்கூடத் தெரியவில்லை. மண்ணை வாரித் தூற்றினேன். "அந்தப் போட்டோக்காரப் பாவிதான் காட்டிக் கொடுத்துட்டான்" என்று பக்கிரியிடம் அழுதேன். ரோட்டோரம் பனையோலையைச் சாய்த்து அதற்குள் ஒண்டிக்கொண்டோம்.

சட்டமும் வந்தது. ஆனியில் ஒரு தேதியைக் குறித்து, அன்றைக்கு யார் குடியிருந்தார்களோ அவர்களுக்கே மனை என்றது. மனுப் போட்டோம். தை மாதம் தாசில்தார் விசாரிக்கக் கொல்லைக்கே வந்தார்.

"இங்க குடிசையே இருந்ததில்லீங்க" என்று குஞ்சிதபாதம் கூசாமல் சொன்னார். எங்கள் சனம் ஆறு பேர் சாட்சி சொன்னார்கள். "அவங்க ஆளுக்கு அவங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்று சிரித்தார்.

"வேற ஆதாரம் எதுவும் இருக்காம்மா?" என்று தாசில்தார் என்னைக் கேட்டார். என்னிடம் என்ன இருக்கிறது?

அந்த நேரத்தில் பண்ணை வில்வண்டி வந்து நின்றது. இறங்கியது அந்தப் போட்டோக்காரன்.

"இந்தப் பொம்பளை எப்பேர்ப்பட்ட ரவுடின்னு ஐயா தெரிஞ்சுக்கணும். அதுக்காகவே கடுதாசி போட்டு இவரை வரவழைச்சேன்" என்றார் குஞ்சிதபாதம். "சொல்லுங்க தம்பி, இவ உங்களைப் பண்ணுன அக்கிரமத்தை. ஊரே பேசிச்சே."

மனையும் போச்சு, இனி ஜெயிலும்தான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"லைட் ஹவுஸை எடுக்க உக்காந்திருந்தேன் சார்" என்றார் தியாகராசன். "இந்தம்மா குடிசைக்குள்ளேருந்து வந்தாங்க. கேமராவைப் புடுங்கிட்டாங்க."

தாசில்தாரின் பேனா நின்றது. "எங்கேருந்து வந்தாங்க?"

"தம்பி, அது வேற எடம்..." என்று காரியக்காரர் இழுத்தார்.

"இதே எடம்தாங்க. குடிசைக்கு வலது கைப் பக்கமா லைட் ஹவுஸ் தெரிஞ்சுது. கூரையில பூசணிக்கொடி ஏறி மூணு காய் காய்ச்சிருந்துச்சு. அது நல்லா இருக்குன்னுதான் இங்கயே உக்காந்தேன்." நோட்டைப் புரட்டித் தேதியையும் வாசித்தார். அரசாங்கம் குறித்த நாளுக்கு மறுநாள்.

"ஒரே நாள்ல குடிசை போட்டு, பூசணியும் காய்ச்சுடுமாய்யா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார் தாசில்தார். குஞ்சிதபாதம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வண்டியைப் பார்க்க நடந்தார்.

எல்லாரும் கலைந்த பிறகு தியாகராசனிடம் போனேன். அப்போதும் எனக்கு ஒன்று உறுத்தியது. "பண்ணை வண்டியில வந்தவரு எதுக்குங்க எங்களுக்காகப் பேசுனீங்க?"

"அன்னைக்கு நடந்து போய்க்கிட்டிருந்தேன், ஏத்திக்கிட்டு வந்து வழி காட்டுனாங்க. இன்னைக்கும் நடந்ததைத்தாம்மா சொன்னேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தப்புப் பண்ணிட்டேங்க. லைட் ஹவுஸ் அங்கயேதான் நிக்கிது. இப்ப எடுத்துக்குங்க."

"இதை எப்ப வேணாலும் எடுத்துக்கலாம்மா. நீங்க வெயில்ல எறிஞ்ச ரோல்ல தெக்க ஒரு குப்பத்துப் பழைய செங்கல் லைட் ஹவுஸும் இருந்துச்சு. அதைத் தேடி நாலு நாள் அலைஞ்சேன். கார்த்திகைப் புயல்ல அது விழுந்துடுச்சு."

"எப்படிங்க இருந்துச்சு அது?" என்று கேட்டேன்.

சொல்ல வாயெடுத்தவர், கையை உயர்த்தி என்னவோ அளவு காட்டினார். அப்புறம் கையை இறக்கிவிட்டு, "சொன்னா தெரியாதும்மா" என்றார்.