இரண்டாவது கையெழுத்து

எங்கள் கேப்டனம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. போருக்கு முன்னால் எங்கோ கணக்கு டீச்சராக இருந்தாராம். அந்தப் பிள்ளைகள் என்ன பாடுபட்டார்களோ!

விமானதளத்தின் ஓரத்தில் நீளக் கூடம், பத்து மேசைகள், இருபது பெண்கள். படைக்குப் பாராசூட் மடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. மேசைக்கு இருவர். ஒருத்தி மடிப்பாள். மற்றவள் கூடவே நின்று பார்த்து, முடிந்ததும் கொக்கி வெளியே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து, அட்டையில் இரண்டாவது கையெழுத்துப் போடுவாள். கொக்கி என்பது கயிறுகளை இழுத்துச் செருகும் விரல் நீளக் கம்பி. அது மடிப்புக்குள் தங்கிவிட்டால் துணி கிழியும், கயிறு சிக்கும். குதித்தவன் கதை அத்தோடு முடிந்தது.

போன மாதம் என் தங்கை கொக்கியை மேசை விளிம்பில் மறந்து வைத்துவிட்டாள். உள்ளே கூட இல்லை, விளிம்பில். அதற்கே பூட்டு தவறுப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதிச் சலவைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். பதிவேட்டில் பெயர் ஏறியவள் போர் முடியும்வரை மேசையைத் தொடக்கூடாது. அது அவர் போட்ட விதி.

நான் போய்க் கெஞ்சினேன். "அவ சின்னப் பொண்ணும்மா."

"குதிக்கறவனும் சின்னப் பையன்தான்" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தேன். அன்றிலிருந்து அவரைக் கண்டாலே எனக்கு எரியும்.

அன்று நாற்பது பாராசூட் கேட்டிருந்தார்கள். மதியம் விமானம் கிளம்புகிறது. என் மேசையில் மடிப்பவளுக்குக் காய்ச்சல். கடைசி ஒன்று பாக்கி இருந்தபோது பூட்டே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். சும்மா சொல்லக்கூடாது, அவர் கை வேலை அப்படி ஒரு சுத்தம். முடிக்கும் நேரத்தில் அலுவலக அறையில் தொலைபேசி அடித்தது. உறையை மூடி, கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் போட்டேன். கொக்கியைத் தேடவில்லை. அவர் மடித்ததை யார் சோதிப்பார்கள்?

கொக்கி மாட்டும் பலகையில் மேசைக்கு ஒன்றாகப் பத்து ஆணி. ஒருத்தி தட்டோடு வந்து கொக்கிகளை வாங்கிப் போய் மாட்டினாள். ஒன்பதுதான் இருந்தது. யார் கொடுத்தோம், யார் கொடுக்கவில்லை என்று ஒருத்திக்கும் நிச்சயமில்லை. தேடாமல் போட்ட கையெழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டு நின்றேன். தங்கைக்கு நடந்தது எனக்கும் நடக்கும் என்ற பயம்தான், வேறென்ன.

நாற்பதையும் அவிழ்க்கச் சொன்னார் கேப்டனம்மா. விமானதள மேஜர் வந்து கத்தினார். "ஒரு கம்பிக்காக நாப்பதையும் அவிழ்ப்பீங்களா? இது போர்மா, பரீட்சை இல்ல."

"ஏத்தணும்னா ஏத்துங்க சார்" என்றார் கேப்டனம்மா. "ஆனா அனுப்பலாம்னு நான் எழுத மாட்டேன். நீங்க உங்க கையால எழுதி எடுத்துட்டுப் போங்க."

பேனாவை நீட்டினார். மேஜர் அதைத் தொடவில்லை.

"முதல்ல நான் மடிச்சத கொண்டாங்க."

அவரே அவிழ்த்தார். மூன்றாவது மடிப்பில் கொக்கி கிடந்தது. மேஜருக்குப் போன உயிர் திரும்பியது. "கிடைச்சிடுச்சுல்ல, மத்தத ஏத்துங்க!"

கேப்டனம்மா அட்டையைத் திருப்பினார். "ரெண்டாவது கையெழுத்து யாரோடது?"

"என்னோடதும்மா."

"தொட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

"நீங்க மடிச்சதாச்சேன்னு..."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. "நான் மறப்பேன்னுதானேடி உன்னைப் பக்கத்துல நிக்க வச்சிருக்கு" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்தார். "இன்னும் யார் யாரு பாக்காம போட்டீங்க? இப்பவே சொல்லிடுங்க."

மூன்று கைகள் மெல்ல உயர்ந்தன. அந்த மூன்று மேசைகளின் பாராசூட்டுகளையும் என் மேசையில் மடித்தவற்றையும் அவிழ்த்து மறுபடி மடிக்க வைத்தார். தாமாகச் சொன்ன மூவரின் பெயரை எழுதவில்லை. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.

பதிவேட்டில் முதலில் தன் பெயரை எழுதினார். அதன் கீழே என்னுடையது.

நான் சலவைக் கொட்டகைக்குப் போனேன். அரை மணியில் அவரும் வந்தார். அலுவலக வேலையை விடமுடியாது, ஆனால் தினமும் ஒரு மணி நேரம் தொட்டியில் நிற்பேன் என்று மேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். சீருடையை அவர் முறுக்கிய வேகத்தைப் பார்த்து என் தங்கை காதைக் கடித்தாள்: "அக்கா, பூட்டு பிழியறதுல தண்ணியே பயந்து ஓடுது பாரேன்."

சாயங்காலம் செய்தி வந்தது. நாற்பதும் விரிந்தன. நாற்பது பேரும் தரையைத் தொட்டார்கள்.

கேட்டதும் கேப்டனம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அவர் அழுவார் என்றே நான் நினைத்ததில்லை.

"யாரோ பெத்த பிள்ளை. அவனுக்கு நான் என்ன பண்ண இருந்தேன்!"

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க மட்டும் இல்லம்மா" என்றேன். "நானும்தான்."